தீவு முகாமில் பழுது: கடலடி அகழாய்வுக் கரைத்தளத்துக்கு அறிகுறிவாரியான பிழை நீக்கும் வழிமுறை

துருக்கியின் உலுபுருன் முனைக்கு அடியில் கிடந்த வெண்கலக் காலக் கப்பலை 1984 முதல் 1994 வரை தோண்டி எடுத்தார்கள். மொத்தம் 22,413 டைவ்கள். கடலடியில் வேலை நடந்த நேரம் 6,613 மணி. வகுத்துப் பார்த்தால் ஒரு டைவுக்குப் பதினெட்டு நிமிடம்கூட வரவில்லை. அந்தச் சில நிமிடங்களுக்காக நாள் முழுக்க ஓடுவது கரைத்தளம். காற்று நிரப்பும் கம்ப்ரசர், ஜெனரேட்டர், கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரம், எடுத்த பொருள்களை உப்பு இறங்க ஊறவைக்கும் தொட்டிகள், டைவருக்கு அழுத்த நோய் வந்தால் சிகிச்சை தரும் மறு அழுத்த அறை, கணினிகள், ரேடியோ எல்லாம் அதில் அடக்கம்.

தொலைவான தீவில் இவற்றைப் பராமரிப்பவர் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு கொட்டகையில் தெரியும் கோளாறுக்குக் காரணம் பெரும்பாலும் இன்னொரு கொட்டகையில் இருக்கும். கம்ப்ரசர் காற்று கெட்டால் ஜெனரேட்டரின் புகைக்குழாயைப் பார்க்க வேண்டியிருக்கும். தொட்டியில் கிடக்கும் பானையிலிருந்து உப்பு இறங்கவில்லை என்றால் குடிநீர் இயந்திரத்தைச் சோதிக்க வேண்டியிருக்கும். அதனால் ஸ்பேனரைக் கையில் எடுக்கும் முன், இது கடைசியாகச் சரியாக ஓடியதற்குப் பிறகு தீவில் என்ன மாறியது என்று கேளுங்கள். காற்றின் திசை மாறியிருக்கலாம், புது டீசல் பீப்பாய் திறந்திருக்கலாம், படகை வேறு இடத்தில் கட்டியிருக்கலாம், நேற்று யாரோ கூடுதலாக ஒரு பம்ப் மாட்டியிருக்கலாம். இதற்காகவே எல்லா இயந்திரங்களுக்கும் சேர்த்து ஒரே குறிப்பேடு வைக்கச் சொல்வேன். கம்ப்ரசருக்கு ஒன்று, ஜெனரேட்டருக்கு ஒன்று என்று பிரித்து எழுதினால் இந்தத் தொடர்பு கண்ணில் படாமலே போய்விடும்.

மூச்சுக்காற்று சம்பந்தப்பட்ட எதுவானாலும் முதலில் டைவை நிறுத்துங்கள், காரணத்தை அப்புறம் தேடலாம்.

சிலிண்டர் காற்றில் வாடை, அல்லது மேலே வந்தவர்களுக்குத் தலைவலி

இந்த அறிகுறியை ஒருபோதும் ஒத்திப்போடக் கூடாது. அன்று நிரப்பிய எல்லா சிலிண்டர்களையும் ஒதுக்கி, வால்வில் சிவப்பு நாடா கட்டிவிடுங்கள். காற்றைத் திறந்துவிட்டுக் காலி செய்யாதீர்கள், சோதிக்க அது வேண்டும்.

தலைவலிக்காரரைக் கவனிப்பது முதல் வேலை. நூறு சதவீத ஆக்சிஜன் கொடுங்கள், டைவிங் மருத்துவரைத் தொடர்புகொள்ளுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 98, 99 என்று காட்டுகிறதே என்று ஆறுதல் அடைய வேண்டாம். சாதாரண ஆக்சிமீட்டருக்குக் கார்பன் மோனாக்சைடு பிடித்த ரத்தமும் ஆக்சிஜன் நிறைந்த ரத்தமாகவே தெரியும். மூச்சுத் திணறும் ஒருவரை அந்தக் கருவி நலமானவராகக் காட்டிவிடும்.

அடுத்து, எத்தனை பேருக்குத் தலைவலி என்று கேளுங்கள். ஒரே வேளையில் நிரப்பிய சிலிண்டர்களைப் பயன்படுத்திய பலருக்கும் இருந்தால் காற்றுதான் காரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு மட்டும் என்றால் அவர் மூச்சை மிச்சம் பிடித்ததால் கரியமில வாயு தேங்கியிருக்கலாம், தண்ணீர் போதாமல் இருக்கலாம், தலையுறை இறுக்கமாக இருக்கலாம். ஆனாலும் அவர் சிலிண்டரைச் சோதிக்காமல் விடாதீர்கள். ஆழத்திலிருந்து மேலே வரும்போது உடலில் வாயுக் குமிழிகள் உண்டாவதால் வரும் அழுத்த நோய்க்கும் தலைவலி ஒரு அறிகுறியாக வரலாம் என்பதால் முடிவை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள்.

எண்ணெய் வாடை வந்தால் பில்டரில் உள்ள கரி தீர்ந்துவிட்டது, அல்லது கம்ப்ரசர் காற்றைப் படிப்படியாக அழுத்தும் நிலைகளில் கடைசி நிலையின் பிஸ்டன் வளையம் தேய்ந்துவிட்டது. ஆபத்தானது வாடையே இல்லாதது. கார்பன் மோனாக்சைடுக்கு மணம், நிறம் எதுவும் கிடையாது. ஐரோப்பியத் தரமான இஎன் 12021 மூச்சுக்காற்றில் அதை 5 பிபிஎம் (பத்து லட்சத்தில் 5 பங்கு) வரைதான் அனுமதிக்கிறது. அமெரிக்காவின் கிரேடு இ என்ற மூச்சுக்காற்றுத் தரம் 10 பிபிஎம் வரை. இவ்வளவு குறைந்த எல்லை வைக்கக் காரணம் ஆழம். 30 மீட்டரில் சுற்றுப்புற அழுத்தம் நான்கு மடங்கு. சிலிண்டரில் 10 பிபிஎம் இருந்தால், கரையில் 40 பிபிஎம் உள்ள காற்றைச் சுவாசிப்பதற்கு அது சமம். மேலே நிரப்பும்போது யாருக்கும் ஒன்றும் செய்யாத காற்று கீழே போனதும் கெடுதல் செய்வது இதனால்தான்.

எங்கிருந்து வந்தது? கம்ப்ரசரின் காற்று உறிஞ்சும் குழாய் முனையில் போய் நில்லுங்கள். அங்கிருந்து பாருங்கள்: காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, அந்தத் திசையில் என்ன இருக்கிறது? முகாம் அமைத்த நாளில் ஜெனரேட்டர் காற்றின் கீழ்ப்பக்கத்தில் இருந்திருக்கும். பருவம் மாறினால், ஏன் மாலையில் கரைக்காற்று எழும்பினாலே, அது மேல்பக்கமாகிவிடும். படகுத்துறையில் இன்ஜினை ஓடவிட்டு நிற்கும் படகு, சமையல் கூடத்து அடுப்பு, குப்பை எரிக்கும் குழி ஆகியவையும் இதே வேலையைச் செய்யும். உறிஞ்சும் குழாயை உயரமான கம்பத்தில் கட்டி, அதன் பக்கத்தில் ஒரு துணிப்பட்டையைத் தொங்கவிடுங்கள். நிரப்புபவர் ஒவ்வொரு முறையும் அதைப் பார்த்துவிட்டுத்தான் சுவிட்சைப் போட வேண்டும்.

வெளியே ஒன்றும் இல்லை என்றால் கம்ப்ரசருக்குள்ளேயே உற்பத்தியாகிறது. அதிகச் சூட்டில் எண்ணெய் கருகினால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். எண்ணெய் அளவு, எண்ணெயின் வகை, குளிர்விக்கும் விசிறி, சிலிண்டர் தலையைச் சுற்றியுள்ள துடுப்புகளில் படிந்த உப்பு எல்லாவற்றையும் பாருங்கள். பில்டரில் உள்ள ஹாப்கலைட் என்ற வேதிப்பொருள் இந்த வாயுவைக் கரியமில வாயுவாக மாற்றும், ஆனால் ஈரம் பட்டால் செயலிழந்துவிடும். அதாவது பில்டரின் ஈரம் உறிஞ்சும் பகுதி தீர்ந்தால் அடுத்துள்ள பாதுகாப்பும் போய்விடும்.

நிரப்பும் குழாயிலேயே எப்போதும் அளந்துகொண்டிருக்கும் ஒரு கார்பன் மோனாக்சைடு மீட்டர் வைப்பதைத் தீவு முகாமில் ஆடம்பரமாக நினைக்காதீர்கள். ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பி முடிவு வருவதற்குள் பருவமே முடிந்துவிடும்.

பில்டர் சொன்ன காலத்துக்கு முன்பே தீர்ந்துபோகிறது, சிலிண்டருக்குள் ஈரம்

வெப்பம்தான் முதல் சந்தேகம். முழு ஈரப்பதமுள்ள காற்று 20 டிகிரியில் கன மீட்டருக்குச் சுமார் 17 கிராம் நீராவியைத் தாங்கும். 30 டிகிரியில் சுமார் 30 கிராம், 40 டிகிரியில் 51 கிராம். உற்பத்தியாளர் பில்டரின் ஆயுளை 20 டிகிரிக்குக் கணக்கிட்டிருப்பார், உங்கள் தகரக் கொட்டகைக்குள் 40 இருக்கும். கையேட்டில் வெப்பநிலைத் திருத்த அட்டவணை இருந்தால் அதன்படி பில்டரை மாற்றுங்கள். கொட்டகையின் இரு பக்கமும் திறந்துவிட்டு, விடியற்காலையில் நிரப்புவதே மலிவான பரிகாரம்.

அப்படியும் சரியாகவில்லை என்றால் வடிகால் வால்வைப் பாருங்கள். தேங்கும் நீரைப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறையாவது வெளியேற்ற வேண்டும். தானியங்கி வடிகால் இருந்தால் அது உண்மையிலேயே திறக்கிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள், உப்பு ஏறினால் அமைதியாக அடைத்துக்கொள்ளும். அப்புறம் அழுத்தம் தாங்கும் வால்வு. அது பழுதானால் காற்று குறைந்த அழுத்தத்திலேயே பில்டர் வழியாக வேகமாகப் பாயும், ஈரத்தை விட்டுவிட்டுப் போக அதற்கு அவகாசம் கிடைக்காது. நிரப்பத் தொடங்கியதுமே, அழுத்தம் ஏறாமல், காலி சிலிண்டருக்குள் காற்று போவது தெரிந்தால் பழுது அங்கேதான்.

சிலிண்டரைத் தலைகீழாகப் பிடித்து வால்வை லேசாகத் திறக்கும்போது தண்ணீர் சொட்டினால் அந்த சிலிண்டரைத் திறந்து உள்ளே பார்க்கும் வரை பயன்படுத்தாதீர்கள். எஃகு சிலிண்டரின் உள்துரு சுவரை அரிப்பது மட்டுமின்றி உள்ளிருக்கும் ஆக்சிஜனையும் மெல்ல எடுத்துக்கொள்ளும்.

சிலிண்டர் நிரம்ப வழக்கத்தைவிட நேரமாகிறது

உறிஞ்சும் பில்டர் அடைப்பு, தளர்ந்த பெல்ட், கசியும் இடைநிலை வால்வு என்ற வரிசையில் பாருங்கள். இடைநிலை கேஜ்களில் ஒன்று வழக்கத்தைவிட ஏறியிருந்தால் அதற்கு அடுத்த நிலையின் வால்வு கசிகிறது. எல்லாமே சரி, ஆனாலும் மெதுவாக ஓடுகிறது என்றால் மோட்டாரின் முனையில் வோல்ட் அளந்து பாருங்கள். ஜெனரேட்டர் கொட்டகையில் சரியாக இருக்கும் மின்னழுத்தம் நீண்ட, மெல்லிய கேபிளில் வரும் வழியிலேயே குறைந்துபோயிருக்கும்.

கம்ப்ரசர் ஓடத் தொடங்கியதும் விளக்கு மங்குகிறது, கணினி அணைகிறது

மின்மோட்டார் நேரடியாகத் தொடங்கும்போது வழக்கமான மின்னோட்டத்தைப் போல ஐந்து முதல் எட்டு மடங்கு இழுக்கும். அந்தச் சில நொடிகளுக்கு ஜெனரேட்டர் தடுமாறும். மோட்டாரை மெல்ல மெல்லத் தொடங்கவைக்கும் சாஃப்ட் ஸ்டார்ட்டர் பொருத்துவது சரியான தீர்வு. அது வரும் வரை, கம்ப்ரசரை முதலில் ஓடவிட்டு மற்றவற்றைப் பிறகு போடுவது என்று ஒழுங்கு வைத்துக்கொள்ளுங்கள். கணினிகளும், காற்றில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று அளக்கும் ஆக்சிஜன் அனலைசரும் எப்போதும் பேட்டரி வழியாகவே மின்சாரம் எடுக்கட்டும்.

இந்தத் தொல்லைக்குப் பயந்து மிகப் பெரிய ஜெனரேட்டரை வாங்குபவர்கள் இன்னொரு தொல்லையில் மாட்டுகிறார்கள். இரவில் நாலு விளக்கும் ஒரு பம்பும் மட்டும் ஓடும்போது பெரிய டீசல் இன்ஜின் சூடேறாமல் ஓடும், எரியாத எரிபொருள் புகைக்குழாயில் கறுப்புப் பிசினாக ஒழுகும். தன் திறனில் 30 சதவீதத்துக்குக் கீழே நெடுநேரம் டீசல் ஜெனரேட்டரை ஓட்டக் கூடாது. பகலுக்கு ஒன்று, இரவுக்குச் சிறியது ஒன்று, அல்லது இரவுக்கு சோலாரும் பேட்டரியும் என்று பிரிப்பதே என் பரிந்துரை. இரண்டு இருந்தால் ஒன்று பழுதானாலும் தொட்டிப் பம்புகள் நிற்காது.

ஜெனரேட்டர் தானாகவே திணறி நின்றால் முதலில் எரிபொருளில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பாருங்கள். பீப்பாயை நிமிர்த்தி வெயிலிலும் மழையிலும் வைத்தால், மூடியைச் சுற்றித் தேங்கும் மழைநீரை இரவின் குளிரில் பீப்பாயே உள்ளே இழுத்துக்கொள்ளும். படுக்கவைத்து, இரண்டு மூடிகளும் கிடைமட்டமாக ஒரே கோட்டில் இருக்கும்படி திருப்பிவையுங்கள். அப்போது உள்ளே எரிபொருள் மூடிகளை நனைத்தபடி இருக்கும், வெளியே தண்ணீரும் தேங்காது.

கசிவுமின் தடுப்பு சுவிட்ச் அடிக்கடி விழுகிறது

ஒவ்வொரு வழித்தடமாக அணைத்துப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் தொட்டிப் பம்பின் ஈரம் புகுந்த இணைப்பு, அல்லது உப்புப் படிந்த வெளிப்புற சாக்கெட். நன்னீரில் கழுவி, உலர்த்தி, மூடியின் ரப்பர் வளையத்தை மாற்றுங்கள். பவளப்பாறையிலும் உலர்ந்த மணலிலும் எர்த் நன்றாகக் கிடைக்காது என்பதால் எர்த் கம்பியின் மின்தடையை அளந்து வைத்திருங்கள். எவ்வளவு அவசரமானாலும் அந்த சுவிட்சைத் தாண்டி நேரடி இணைப்புக் கொடுக்காதீர்கள். ஈரத் தரையில், உப்புநீரில் கைவைத்து வேலை செய்பவர்களின் உயிர் அதை நம்பித்தான் இருக்கிறது.

குடிநீர் இயந்திரத்தில் நீர் குறைகிறது, அல்லது உப்புக் கரிக்கிறது

இரண்டும் வெவ்வேறு நோய்கள். அளவு குறைந்து, தரம் நன்றாக இருந்தால் முன்வடிகட்டியோ, உப்பைப் பிரித்தெடுக்கும் சவ்வோ அடைத்திருக்கிறது. புயலுக்குப் பிறகு கலங்கிய கடல், பாசிப் பெருக்கம், படகுத்துறை எண்ணெய் ஆகியவற்றை நினைத்துப் பாருங்கள். கடல்நீர் குளிர்ந்தாலும் ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய மூன்று சதவீதம் அளவு குறையும், அது பழுதில் சேராது. அளவு அப்படியே இருந்து உப்பு ஏறினால் ஓ-ரிங் கசிவு அல்லது சவ்வுச் சேதம். குளோரின் கலந்த நீரால் சவ்வைக் கழுவியிருந்தால் அது மீளாது, புதுச் சவ்வுதான். அளவு குறைகிறதே என்று அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போகும் பழக்கத்தை விடுங்கள். அடைப்பை அது இன்னும் இறுக்கும்.

குடிக்க நன்றாக இருக்கும் நீர் தொட்டிகளுக்கும் நன்றாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். உப்பின் கூறான குளோரைடு, நாக்கு தாங்கிக்கொள்ளும் அளவு இருந்தாலே இரும்பைக் கெடுக்கப் போதும். சிறு கண்ணாடிக் குழாயில் நீர் எடுத்து, நைட்ரிக் அமிலம் சில துளி, பிறகு சில்வர் நைட்ரேட் சில துளி விடுங்கள். வெண்மேகம் படர்ந்தால் குளோரைடு இருக்கிறது. மழைநீரையும் இப்படிச் சோதித்தே தொட்டிக்கு விடுங்கள். தீவில் கூரையில் அலைத்துளி உலர்ந்து உப்பாகப் படிந்திருக்கும், முதல் மழையைத் தொட்டிக்குப் போகவிடாமல் வெளியே தள்ளுங்கள்.

தொட்டிகளில் கிடக்கும் பொருள்கள் மாறத் தொடங்குகின்றன

இங்கே நடக்கும் தவறு திருத்த முடியாதது. கம்ப்ரசருக்குப் புது வால்வு அடுத்த படகில் வரும், வெடித்துப்போன ஒரு மரத்துண்டுக்கு மாற்று எங்கேயும் கிடையாது. அதனால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

*பானையின் மேற்பரப்பில் வெண்பூப்பு, செதில் உதிர்கிறது.* எங்கோ உலர்ந்துவிட்டது. உள்ளே ஊறிய உப்பு படிகமாகி மேற்பூச்சைத் தள்ளுகிறது. தேய்த்துத் துடைக்காதீர்கள். உதிரும் செதில்களோடு சேர்த்து ஈரத்துணியில் சுற்றி, மீண்டும் நீரில் மெதுவாக இறக்குங்கள். நேரடியாக நன்னீரில் போட்டாலும் அதிர்ச்சிதான். கடல்நீர், பாதி நன்னீர், பிறகு முழு நன்னீர் என்று படிப்படியாக மாற்ற வேண்டும். வரைபடம் எடுக்க மேசையில் வைத்த நேரம்தான் பெரும்பாலும் குற்றவாளி. வரைபவரின் பக்கத்தில் ஒரு தெளிப்பான் இருக்கட்டும்.

*வாரக்கணக்கில் நீர் மாற்றியும் குளோரைடு இறங்கவில்லை.* உள்ளே விடும் நீரை முதலில் சோதியுங்கள். அதிலேயே குளோரைடு இருந்தால் எத்தனை முறை மாற்றினாலும் அதற்குக் கீழே இறங்காது. நீர் சுத்தம் என்றால், தொட்டி அசையாமல் நிற்கிறதா என்று பாருங்கள், சிறு பம்ப் வைத்துச் சுழலவிட்டால் இறங்கும். இரும்பை ஊறவைக்கும் காரக் கரைசலில் சில்வர் நைட்ரேட் சோதனை செய்யும்போது அமிலம் போதாவிட்டால் பழுப்புப் படிவு வந்து குழப்பும். அது குளோரைடு இல்லை, இன்னும் அமிலம் சேருங்கள்.

*இரும்பில் ஆரஞ்சு நிறத் துளிகள், தொட்டி நீர் பழுப்பாகிறது.* கரைசலின் பிஎச் விழுந்துவிட்டது. இரும்பைக் காரக் கரைசலில், வழக்கமாக 2 சதவீதம் சோடியம் ஹைட்ராக்சைடில், முழுக்க மூழ்கவைக்க வேண்டும். பிஎச் தாளில் தினமும் பாருங்கள், காற்றிலுள்ள கரியமில வாயு அதை மெல்ல இறக்கிக்கொண்டே இருக்கும், மூடி அவசியம். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் போகவே கூடாது. அதே கரைசலில் மரத்தையோ கண்ணாடியையோ போட்டால் அவற்றை அது தின்றுவிடும். செம்பும் இரும்பும் ஒரே தொட்டியில் இருந்தால் இரும்பு வேகமாக அழியும். இடம் இல்லை என்று ஒரே தொட்டியில் எல்லாவற்றையும் போடுவதுதான் தீவுகளில் நான் அதிகம் கவலைப்படும் பழக்கம். பொருளைச் சுற்றிக் கடலில் இறுகிய கட்டியை முகாமில் உடைக்க வேண்டாம். உள்ளே இரும்பே கரைந்துபோய் வெறும் அச்சு மட்டும் மிஞ்சியிருக்கலாம். எக்ஸ்ரே எடுக்கும் வசதி உள்ள இடம் வரை அது அப்படியே போகட்டும்.

*மரத்தொட்டியில் அழுகிய முட்டை நாற்றம், வழவழப்பு, பாசி.* வெளிச்சம், சூடு, அசையாத நீர் மூன்றும் சேர்ந்த விளைவு. கறுப்புத் தாள் போட்டு மூடுங்கள், நிழலுக்கு மாற்றுங்கள், நீரைச் சுழலவிட்டு அடிக்கடி மாற்றுங்கள். கிருமிநாசினியை மனம்போல் ஊற்றாதீர்கள். பிற்காலச் சோதனைகளையும் காலக்கணிப்பையும் அது கெடுக்கலாம், பாதுகாப்பு நிபுணர் சொன்னால் மட்டும் ஊற்றலாம். மரத்தில் நீரின் இடத்தைப் பிடித்து அது சுருங்காமல் காக்கும் பாலிஎத்திலின் கிளைக்காலைத் தீவிலேயே தொடங்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. வேண்டாம். ஸ்வீடனில் 1961-இல் தூக்கிய வாசா கப்பலுக்கு அதைத் தெளிக்க 1962 முதல் 1979 வரை ஆனது. அப்படியும் 2000-ஆம் ஆண்டில் மரத்துக்குள் கந்தக அமிலம் உண்டாகியிருப்பது தெரிந்தது. இங்கிலாந்தில் 1982-இல் எடுத்த மேரி ரோஸ் கப்பலுக்கு 2013 வரை தெளிப்பு நடந்தது. தீவு முகாமின் பொறுப்பு, வந்த நிலையிலேயே ஈரமாகவும் இருட்டாகவும் குளிர்ச்சியாகவும் அதை ஒப்படைப்பதுதான்.

*எந்தத் துண்டு எங்கே கிடைத்தது என்று தெரியவில்லை.* பேனா மை காரக் கரைசலில் போய்விட்டது, அல்லது நூல் அறுந்துவிட்டது. பிளாஸ்டிக் வரைதாளில் பென்சிலால் எழுதிய அட்டை தண்ணீரில் அழியாது. பொருளோடு ஒன்று, தொட்டியின் வெளிப்பக்கம் ஒன்று என இரண்டு அட்டை வையுங்கள். இரும்புக் கம்பியால் எதையும் கட்டாதீர்கள். இடம் தெரியாத துண்டைக் கண்டதும் ஊகித்து எண் எழுதிவிடாதீர்கள். புகைப்படங்களோடு ஒப்பிட்டு நிச்சயமாகும் வரை அது தனித் தட்டில் இருக்கட்டும்.

*தொட்டிகள் நிரம்பிவிட்டன, இன்னும் பொருள் வந்துகொண்டிருக்கிறது.* இதையும் பழுதாகவே எண்ணுங்கள். இதற்குக் கரையில் தீர்வு கிடையாது, தோண்டுவதை நிறுத்த வேண்டும். 2001-ஆம் ஆண்டின் யுனெஸ்கோ உடன்படிக்கையும் கடலடி மரபுச் செல்வங்களை இருந்த இடத்திலேயே காப்பதை முதல் வழியாகக் கருதச் சொல்கிறது. மணலில் நூற்றாண்டுகள் தாங்கிய பொருள், பதிவு செய்து மீண்டும் மணலால் மூடினால் இன்னும் ஒரு பருவம் தாங்கும். பிளாஸ்டிக் வாளியில் வெயிலில் தாங்காது. இதைத் தலைமை ஆய்வாளரிடம் சொல்லும் அதிகாரம் கரைத்தளப் பொறுப்பாளருக்கு எழுத்தில் இருக்க வேண்டும்.

மறு அழுத்த அறை: அழுத்தம் நிற்கவில்லை, உள்ளே ஆக்சிஜன் ஏறுகிறது

கிரேக்கத் தீவான ஆன்டிகிதிராவில் 1900-1901-இல் கடற்பஞ்சு எடுக்கும் டைவர்கள் கப்பலைத் தோண்டியபோது இப்படி ஒரு அறை இல்லை. ஒருவர் இறந்தார், இருவர் முடங்கினார்கள். அதனால் இந்த அறை யாரும் நோய்ப்படாத நாளிலும் வேலை செய்ய வேண்டும், வாரம் ஒருமுறையாவது முழு அழுத்தத்துக்கு ஏற்றிப் பாருங்கள்.

அழுத்தம் மெல்ல இறங்கினால் கதவின் ரப்பர், மருந்து அனுப்பும் சிறு கதவு, குழாய் இணைப்புகள் என்ற வரிசையில் சோப்பு நீர் தடவிப் பாருங்கள். உள்ளே ஆக்சிஜன் சதவீதம் ஏறினால் நோயாளியின் முகமூடி கசிகிறது, அல்லது வெளிமூச்சை வெளியே கொண்டுபோகும் குழாய் அடைத்திருக்கிறது. அமெரிக்கக் கடற்படை வைத்த எல்லை 25 சதவீதம். அதைத் தாண்டினால் சிறு பொறிகூடப் பெருந்தீ. உடனே காற்றோட்டம் கொடுத்து, முகமூடியைச் சரிசெய்யுங்கள்.

காற்றுக் கணக்கையும் போட்டு வையுங்கள். அழுத்த நோய்க்கு அமெரிக்கக் கடற்படை வகுத்த டேபிள் 6 என்ற சிகிச்சை 18 மீட்டர் ஆழ அழுத்தத்தில் தொடங்கி, நீட்டிப்பு இல்லாமலே 4 மணி 45 நிமிடம் ஓடும். நடுவில் ஜெனரேட்டர் நின்றாலும் முடிக்கும் அளவு காற்று சேமிப்பு சிலிண்டர்களில் தனியாக இருக்க வேண்டும். அதிலிருந்து டைவ் சிலிண்டருக்கு நிரப்புவது யாராயிருந்தாலும் கூடாது.

படகில் வைக்கும் அவசர ஆக்சிஜனுக்கும் இதே கணக்குதான். 10 லிட்டர் சிலிண்டரில் 200 பார் என்றால் 2,000 லிட்டர். நிமிடத்துக்கு 15 லிட்டர் வீதம் கொடுத்தால் இரண்டே கால் மணிகூட வராது. உங்கள் தீவிலிருந்து மருத்துவமனைக்கு ஆகும் நேரத்தை, கடல் கொந்தளிக்கும் நாளின் நேரத்தை, இதோடு ஒப்பிடுங்கள்.

ஆக்சிஜன் அனலைசர் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு எண் காட்டுகிறது

சுத்தமான காற்றில் 20.9-க்கு வைத்துப் பாருங்கள். அங்கேயே நிற்காமல் ஆடினால் செல் தீர்ந்துவிட்டது. வெப்பத்தில் அதன் ஆயுள் குறையும், வெயிலில் வைத்த பெட்டியிலிருந்து எடுத்தவுடன் அளக்காதீர்கள். காற்றில் சரியாகக் காட்டி, தூய ஆக்சிஜனில் 100 வரை ஏறாமல் நின்றால் அந்த செல்லை நம்ப வேண்டாம். ஆக்சிஜன் கூடுதலான மூச்சுக்கலவை ஆழத்தில் நஞ்சாகும் என்பதால் அதற்கு ஆழ எல்லை உண்டு; கலவையில் ஆக்சிஜனைக் குறைத்துக் காட்டும் மீட்டர், டைவரை அந்த எல்லைக்குக் கீழே இறங்கவிடும்.

முப்பரிமாண மாதிரி வளைகிறது, கோப்புகள் காணவில்லை

கடலடியில் எடுத்த படங்களை இணைத்துக் கணினியில் உருவாக்கும் தள மாதிரி வளைந்தால் பெரும்பாலும் படங்கள் ஒன்றின்மேல் ஒன்று போதிய அளவு கவியவில்லை, அல்லது அளவுகோல்கள் ஒரே மூலையில் வைக்கப்பட்டிருக்கின்றன. கேமராக்களின் கடிகாரம் டைவ் பதிவேட்டோடு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். கணினி பாதியில் அணைந்தால் மீண்டும் மின்சாரப் பகுதிக்குப் போங்கள், இல்லையென்றால் விசிறியில் உப்புத் தூசி. கரைக்குப் போகும் ஒவ்வொரு படகிலும் ஒரு பிரதி ஹார்ட் டிஸ்க் போகட்டும். ஒரே கொட்டகையில் உள்ள மூன்று பிரதிகளையும் ஒரே தீ எரித்துவிடும்.

பலருக்கு ஒரே நேரத்தில் வயிற்றுப்போக்கு அல்லது காதுவலி

வயிறு என்றால் தண்ணீர்த் தொட்டியும் கழிப்பறைக் குழியும். சிறு தீவில் நிலத்தடி நன்னீர், உப்புநீரின்மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. கழிவு எளிதில் அதில் கலந்துவிடும், கிணற்றில் அதிகமாக இறைத்தால் உப்பும் மேலே வரும். கிணற்று நீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள், குழியை இடம் மாற்றுங்கள். காது என்றால் உடுப்பும் முகமூடியும் அலசும் பொதுத் தொட்டியைப் பாருங்கள். நாள்கணக்கில் மாற்றாத வெதுவெதுப்பான நன்னீர் கிருமிகளுக்கு நல்ல இடம். தினமும் மாற்றி, வாயில் வைக்கும் பாகங்களுக்குத் தனி வாளி வையுங்கள். காதுவலிக்காரர் குணமாகும் வரை கரையில் தொட்டி வேலை பார்க்கட்டும்.

படகுக்கு ரேடியோ எட்டவில்லை

கைக்கருவி நன்றாக இருக்கும், ஆன்டெனாவின் இணைப்பு பச்சை பூத்திருக்கும். கேபிளுக்குள் நீர் புகுந்திருந்தால் அந்த நீளத்தை வெட்டி எறியுங்கள், உலர்த்தி மீட்க முடியாது. புது இணைப்பைச் சுற்றித் தானே ஒட்டும் ரப்பர் நாடாவை இறுக்கிச் சுற்றுங்கள். சாட்டிலைட் போன் தகரக் கூரைக்கு அடியில் பிடிக்காது என்பதை எல்லோருக்கும் செய்துகாட்டுங்கள், எங்கே நின்றால் பிடிக்கிறது என்று தரையில் குறி போடுங்கள். டைவிங் மருத்துவரின் எண், தீவின் அட்சரேகை, தீர்க்கரேகை, ஹெலிகாப்டர் இறங்கக்கூடிய இடம் ஆகியவற்றை ஒரு பலகையில் எழுதி அந்த இடத்திலேயே ஆணியடித்து மாட்டுங்கள். முதல் டைவுக்கு முன் ஒருமுறை அந்த எண்ணுக்கு அழைத்துப் பேசிப் பாருங்கள்.